மந்தையை விட்டு ஓடாத மேய்ப்பர்: அர்ச். சார்லஸ் பொரோமெயு



நவம்பர் மாதம் 4-ம் தேதி திருச்சபை அர்ச். சார்லஸ் பொரோமெயுவின் திருநாளைக் கொண்டாடுகிறது. சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளும் ஆத்துமாக்கள் திருநாளும் முடிந்த களைப்பில், இந்தத் திருநாள் நம்மில் பலருக்குத் தெரியாமலே போய்விடுவதுண்டு. ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளை ஞானோபதேசத்துக்கு அனுப்பும்போதும், பாவசங்கீர்த்தனத்துக்காகக் கம்பித் தட்டியின் அருகே முழந்தாளிடும்போதும், உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கப் பங்குப் புத்தகத்தைப் புரட்டச் சொல்லும்போதும், இந்த அர்ச்சியசிஷ்டவரின் உழைப்பின் பலனை அறியாமலே அனுபவிக்கிறீர்கள். ஆகையால் இந்த வாரம் அவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இது இத்தாலியா தேசத்தில் நடந்த கதை. சென்ற நூற்றாண்டுகளில் அந்தத் தேசத்து மக்களின் வாழ்க்கையையும் திருச்சபையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். மேய்ப்பர் நல்லவராக இருந்தபோது மக்கள் செழித்தார்கள்; மேய்ப்பர் தூங்கினபோது மக்கள் சிதறினார்கள். இவ்விரண்டையும் ஒரே நகரத்தில், ஒரே தலைமுறையில் காண வேண்டுமானால் மிலான் நகரத்தைப் பார்க்க வேண்டும்.

மேய்ப்பன் இல்லாத மந்தை

மிலான் வட இத்தாலியாவின் பெருநகரம். அர்ச். அம்புரோசியார் மேற்றிராணியாராக வீற்றிருந்து, அர்ச். அகுஸ்தீனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊர். ஆனால் 16-ம் நூற்றாண்டின் நடுவில் அதன் நிலைமை என்ன? ஏறக்குறைய 80 ஆண்டுகளாக அங்கே அதிமேற்றிராணியார் ஒருவரும் தங்கி வாழவில்லை. பதவி இருந்தது, பதவியின் வருமானமும் இருந்தது, பதவிக்குரியவர் மாத்திரம் ஊரில் இல்லை. 1519-ம் ஆண்டில் அந்தப் பெரிய மேற்றிராசனம் இப்போலித்தோ தெஸ்தே என்ற பிரபு குடும்பத்துச் சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது அவனுக்கு வயது 10 என்றால் நம்புவீர்களா? பிற்காலத்தில் கர்தினாலாகி, மாளிகைகளும் தோட்டங்களும் கட்டிப் புகழ்பெற்ற அவர், மிலான் மக்களை மேய்க்க வந்து தங்கவே இல்லை.

தலைவன் இப்படியானால் மற்றவர்களைச் சொல்ல வேண்டுமா? குருக்களில் பலர் போதிய படிப்பற்றவர்கள். சிலர் ஆயுதம் தாங்கித் திரிந்தார்கள். சிலர் பிரமச்சரிய விரதத்தைக் காற்றில் விட்டார்கள். அநேக சிற்றூர்களில் ஜனங்களுக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபங்கூடத் தெரியாது. ஜெர்மனியில் லூத்தர் எழுப்பின புயல் ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டி வந்து கொண்டிருந்த காலம் அது. புயலைக் குறை கூறுவது எளிது. கூரை ஓட்டையாகக் கிடந்ததை ஒப்புக்கொள்வதுதான் கடினம். பிரியமானவர்களே, நம் திருச்சபையின் சரித்திரத்தில் இதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் அர்ச். சார்லஸ் என்ன செய்தார் என்பது நமக்கு விளங்காமலே போய்விடும்.

பிரபு வீட்டுப் பிள்ளை

சார்லஸ் 1538-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அரோனா கோட்டையில் பிறந்தார். தந்தை ஜில்பெர்த்தோ பொரோமெயு பிரபு, பக்தியுள்ளவர், தருமசீலர். தாய் மார்கரீத்தா, மெதிச்சி குடும்பத்தவர். பிள்ளை இரண்டாவது மகனானதால், அக்கால வழக்கப்படி அவனைத் திருச்சபைக்கென்று ஒதுக்கினார்கள். 12 வயதில் அரோனாவிலிருந்த ஒரு மடத்தின் தலைமையும் அதன் வருமானமும் அவன் கைக்கு வந்தன. அதாவது, எந்தத் தீமை மிலானைக் கெடுத்ததோ, அதே தீமையின் மடியில்தான் இந்தப் பிள்ளையும் வளர்ந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் பணம் ஏழைகளுடையது, குடும்பச் செலவுக்கு உரியதல்ல என்று இந்தச் சிறுவன் தன் தகப்பனாரிடமே எடுத்துச் சொன்னான். தகப்பனாரும் மகனைக் கடிந்துகொள்ளாமல் ஏற்றுக்கொண்டார்.

படிப்பில் அவர் பெரிய மேதாவியல்ல. பேச்சிலே ஒரு தடங்கலும் இருந்தது. வார்த்தை எளிதாக வராது; ஆகவே மந்தபுத்தி என்று சிலர் எண்ணினார்கள். எனினும் விடாமுயற்சியால் பாவியா கலாசாலையில் பயின்று, 1559-ல் திருச்சபைச் சட்டம், நாட்டுச் சட்டம் இரண்டிலும் பண்டிதர் பட்டம் பெற்றார்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவருடைய வாழ்க்கை ஒரே நாளில் மாறிற்று. அவருடைய தாயின் சகோதரர் பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டு 4-ம் பத்திநாதர் என்ற பெயர் பூண்டார். புதிய பாப்பரசர் தம் மருமகனை உரோமாபுரிக்கு அழைத்தார். 1560-ம் ஆண்டின் தொடக்கத்திலேயே 21 வயது வாலிபரான சார்லஸ் கர்தினால் ஆனார். மிலான் மேற்றிராசனத்தின் நிர்வாகமும் அவர் பெயருக்கு வந்தது. அப்போது அவர் குருப்பட்டம்கூடப் பெற்றிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேட்டை, வீணை, பெரிய மாளிகை, நூற்றுக்கணக்கான வேலைக்காரர் எல்லாம் அவருக்கு இருந்தன. துர்நடத்தை மாத்திரம் இல்லை. அவர் ஓய்வின்றி வேலை செய்தார். இடையில் நின்றுபோயிருந்த திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562-ல் மீண்டும் கூடி 1563 டிசம்பர் 4-ம் தேதி நல்லபடியாக முடிவதற்கு, உரோமாபுரியிலிருந்து இரவும் பகலும் கடிதப் போக்குவரத்தை நடத்தியவர் அவரே. அச்சங்கத்தின் பெயரால் 1566-ல் வெளிவந்த ஞானோபதேச நூல் உருவாவதிலும் அவருக்குப் பங்குண்டு.

மரணம் சொன்ன பாடம்

1562 நவம்பரில் அவருடைய ஒரே அண்ணன் பெதெரீக்கோ திடீரென்று காய்ச்சலில் இறந்தார். மணமாகி அதிக காலமாகவில்லை, பிள்ளையில்லை. குடும்பத்தின் சொத்தும் பட்டமும் இப்போது சார்லஸின் தலையில் விழுந்தன. குருப்பட்டம் பெறாதவராகையால், திருச்சபைப் பதவிகளை விட்டு, மணம் செய்து, குலம் விளங்கச் செய்ய வேண்டுமென்று உறவினர் வற்புறுத்தினார்கள். பாப்பரசரே அதை விரும்பினார் என்று உரோமாபுரியில் பேசிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். உங்கள் வீட்டில் மூத்த மகன் இறந்து, இளையவன் குருமடத்தில் இருந்தால், நீங்கள் என்ன செய்வீர்கள்? எத்தனை தாய் தந்தையர் கண்ணீரோடு குருமட வாசலில் வந்து நிற்பார்கள்! சார்லஸ் அண்ணனின் சவப்பெட்டியருகே உலகத்தின் மதிப்பு இன்னதென்று கண்டுகொண்டார். ஒருவருக்கும் சொல்லாமல் தீர்மானம் செய்து 1563-ல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 7-ம் தேதி, அர்ச். அம்புரோசியாரின் திருநாளன்று, மேற்றிராணியாராக அபிஷேகம் செய்யப்பட்டார். அன்று முதல் வீணையும் வேட்டையும் நின்றன. ஜெபமும் ஒறுத்தலும் ஆரம்பமாயின.

ஒரு மேற்றிராணியார் தம் மந்தையோடு வாழக் கடமைப்பட்டவர் என்று திரிதெந்தின் சங்கம் விதித்திருந்தது. அந்த விதியை உலகமெங்கும் அனுப்பி வைத்தவரே தாம் உரோமாபுரியில் உட்கார்ந்திருந்தால் எப்படி? இந்த நினைவு சார்லஸின் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. பன்முறை வேண்டி, கடைசியில் உத்தரவு பெற்று, 1565 செப்டம்பர் 23-ம் தேதி மிலானில் பிரவேசித்தார். ஜனங்கள் தெருவில் திரண்டு நின்று ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். அந்த டிசம்பரில் மாமனார் மரணப்படுக்கையில் விழவே, உரோமாபுரிக்கு ஓடி, அர்ச். பிலிப்பு நேரியோடு அருகிலிருந்து அவரை நல்ல மரணத்துக்கு ஆயத்தப்படுத்தினார். புதிய பாப்பரசராகிய அர்ச். 5-ம் பத்திநாதர் அவரை உரோமாபுரியிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பியும், அவர் தம் மந்தைக்கே திரும்பினார்.

வீட்டைப் பெருக்கினார்

முதலில் தம் வீட்டிலிருந்தே ஆரம்பித்தார். தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார். தென் இத்தாலியாவில் தமக்கிருந்த ஓரியா என்ற சிற்றரசை 40,000 பொற்காசுக்கு விற்று ஏழைகளுக்கும் மருத்துவச் சாலைகளுக்கும் பங்கிட்டார். தமக்கு வைக்கோல் படுக்கையும், பிற்காலத்தில் பெரும்பாலும் அப்பமும் தண்ணீருமே போதும் என்றிருந்தார்.

பிறகு குருக்களைக் கவனித்தார். 1564-லேயே அவருடைய கட்டளைப்படி மிலானில் குருமடம் திறக்கப்பட்டிருந்தது. குருக்களைப் பயிற்றுவிக்கும் ஒழுங்கான மடம் என்பது அக்காலத்தில் புதிய காரியம். இன்று உலகமெங்குமுள்ள குருமடங்கள் அன்று அவர் வகுத்த ஒழுங்குகளுக்குக் கடன்பட்டவை; உங்களுக்கு இதை எழுதுகிற நானும் அந்தக் கடனாளிகளில் ஒருவன். மிலான் மாகாணத்துக்கு உட்பட்ட 15 மேற்றிராசனங்களின் தலைவர்களைக் கூட்டி 6 மாகாணச் சங்கங்களையும், தம் குருக்களோடு 11 மேற்றிராசனச் சங்கங்களையும் நடத்தினார். ஞானஸ்நானம், கலியாணம் இவற்றின் புத்தகங்களை ஒழுங்காக எழுதவும், ஒவ்வொரு பங்கிலும் வீடுவீடாகச் சென்று ஆத்துமக் கணக்கு எடுக்கவும் கட்டளையிட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கு, நடுவே தட்டியுள்ள மரக்கூண்டு கோவிலில் எல்லாரும் காணும் இடத்தில் இருக்க வேண்டுமென்று விதித்துப் பரவச் செய்தவரும் அவரே. 1577-ல் கோவில் கட்டும் முறைகளைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார்.

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கும் ஞாயிறு பள்ளிகளை 1536-லேயே மிலானில் தொடங்கினவர் கஸ்தெல்லீனோ தா கஸ்தெல்லோ என்ற ஒரு குரு. அந்தச் சிறு விளக்கை எடுத்துக் குன்றின் மேல் வைத்தவர் சார்லஸ். அவர் இறந்தபோது அந்த மேற்றிராசனத்தில் 740 ஞானோபதேசப் பள்ளிகளும், 3,000-க்கு மேற்பட்ட உபதேசிமாரும், ஏறக்குறைய 40,000 மாணாக்கரும் இருந்தார்கள். அந்த உபதேசிமாரில் பெரும்பாலோர் குருக்களல்ல. உங்களைப் போன்ற சாதாரண இல்லறத்தார், வேலைக்காரர், வியாபாரிகள், பெண்கள். வாரத்தில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் பிறர் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தவர்கள்.

ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளுக்கும் போனார். குதிரை ஏறாத பாதையில் கால்நடையாக ஏறினார். எந்த மேற்றிராணியாரும் காலடி வைக்காத குக்கிராமங்களில் பூசை செய்து, உறுதிபூசுதல் கொடுத்து, குழந்தைகளோடு உட்கார்ந்து கேள்வி கேட்டார். 1580-ல் காஸ்திலியோனே என்ற ஊரில் 12 வயதுப் பாலகன் ஒருவனுக்கு முதன்முறை தேவநற்கருணை வழங்கினார். அந்தப் பாலகனே நாம் வணங்கும் அர்ச். ஞானப்பிரகாசியார்.

துப்பாக்கிச் சத்தம்

நன்மை செய்கிறவனுக்கு விரோதி இல்லாதிருப்பானா? விரோதம் வெளியாரிடமிருந்து வரவில்லை; பீடத்தைச் சுற்றி நின்றவர்களிடமிருந்தே வந்தது.

மிலானில் ஸ்கலா மாதா கோவில் என்று ஒன்றிருந்தது. அதைச் சேர்ந்த குருக்கள், தாங்கள் அரசரின் ஆதரவில் இருப்பவர்கள், அதிமேற்றிராணியாரின் அதிகாரம் தங்களைத் தொடாது என்று வாதாடினார்கள். 1569-ல் அவர் விசாரணைக்குப் போனபோது கதவை அடைத்தார்கள். கைகலப்பில் அவர் கையில் ஏந்தியிருந்த சிலுவையின்மேல் குண்டு பாய்ந்தது. அந்தக் கோவில் இப்போது இல்லை. அதன் இடத்தில்தான், 1778-ல் திறக்கப்பட்டு உலகப் புகழ்பெற்ற ஸ்கலா இசை நாடக அரங்கம் நிற்கிறது.

சில வாரங்களில் இன்னும் பெரிய துரோகம் நடந்தது. உமிலியாத்தி என்ற துறவற சபையார் ஒரு காலத்தில் கம்பளி நெய்து ஏழ்மையில் வாழ்ந்தவர்கள். பின்னர் செல்வம் பெருகிற்று, ஆட்கள் குறைந்தார்கள். 90-க்கு மேற்பட்ட மடங்களில் சுமார் 170 பேரே எஞ்சி, சுகபோகமாக வாழ்ந்தார்கள். அவர்களைச் சீர்திருத்தும் பொறுப்பு சார்லஸிடம் இருந்தது. அவர்களில் சிலர் அவரைத் தீர்த்துக்கட்டச் சதி செய்தார்கள். 1569 அக்டோபர் 26-ம் தேதி மாலை, தம் சிற்றாலயத்தில் வீட்டாரோடு ஜெபத்தில் முழந்தாளிட்டிருந்தார். அச்சபையைச் சேர்ந்த பரீனா என்பவன் பின்னாலிருந்து சுட்டான். எல்லாரும் பதறி எழுந்தார்கள். அவர் கையமர்த்தி, ஜெபத்தை முடிக்கச் செய்தார். குண்டு உடையைத் துளைத்து முதுகில் லேசாகக் கன்றச் செய்ததோடு நின்றது. குற்றவாளிகளுக்கு அவர் மன்னிப்புக் கேட்டும், அதிகாரிகள் அவர்களைக் கொலைத் தண்டனைக்கு உள்ளாக்கினார்கள். 1571-ல் பாப்பரசர் அந்தச் சபையையே கலைத்துவிட்டார்.

அக்காலத்தில் மிலான் ஸ்பானியா தேசத்து அரசரின் ஆளுகையில் இருந்தது. அரசரின் தேசாதிபதிகளோடும் சார்லஸுக்கு ஓயாத தகராறு. 1573-ல் தேசாதிபதி ரெக்கேசென்ஸ் என்பவரைச் சபைக்குப் புறம்பாக்கவும் அவர் தயங்கவில்லை. ஒவ்வொரு தகராறிலும் அவர் பக்கமே நியாயம் இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன். வளைந்து கொடுக்கத் தெரியாதவர் என்று அவருடைய நண்பர்களே வருந்தினார்கள். ஆனால் அவர் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை என்பதை அவருடைய விரோதிகளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கொள்ளைநோய்

இனி நான் சொல்லப்போவதே இந்தச் சரித்திரத்தின் இருதயம். 1576-ம் ஆண்டு கோடையில் மிலானில் கொள்ளைநோய் புகுந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி, சில நாளில் ஆளைக் கொன்றுபோடும் மகாமாரி. தேசாதிபதி நகரத்தை விட்டு வெளியேறினார். பிரபுக்களில் அநேகர் வண்டி கட்டிக்கொண்டு நாட்டுப்புறம் சென்றார்கள். அச்சமயம் சார்லஸ், இறந்துபோன ஒரு மேற்றிராணியாரின் அடக்கத்துக்காக லோதி நகரத்தில் இருந்தார். அவர் அங்கேயே தங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர்களைச் சுற்றிப் பார்ப்பதும் மேற்றிராணியாரின் கடமைதானே! ஆனால் செய்தி கேட்டதும் அவர் மிலானுக்கே திரும்பினார். மரண சாசனம் எழுதி, தமக்கு மிச்சமிருந்ததை நகரத்தின் பெரிய மருத்துவச் சாலைக்கு உரிமையாக்கினார். பிறகு நோயாளிகளைத் தேடிப் புறப்பட்டார்.

நகர வாசலுக்கு வெளியே லாத்சரெத்தோ என்ற பெரிய தொற்றுநோய் விடுதி இருந்தது. நாற்புறமும் 288 அறைகள். அங்கே நோயாளிகளை அடைத்து வைத்தார்களேயன்றி, அவர்களைத் தேற்ற ஆளில்லை. உள்ளேயிருந்து எழும் அழுகுரல் அதிமேற்றிராணியாரின் நெஞ்சைப் பிளந்தது. தம் குருக்களை அழைத்தார். ஆரம்பத்தில் பலர் தயங்கினார்கள். பிரியமானவர்களே, அவர்களை நாம் இகழ வேண்டாம். சாவுக்கு அஞ்சாத மனிதன் யார்? ஆனால் மேய்ப்பர் தாமே முன் நடந்ததைக் கண்டபோது ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். கப்புச்சின் சபைத் துறவியான பவுலோ பெல்லின்தானி அந்த விடுதியின் நிர்வாகத்தை ஏற்று, இரும்புக் கரத்தோடும் தாயுள்ளத்தோடும் நடத்தினார். குருக்களும் துறவிகளும் அநேகர் அந்தச் சேவையில் மடிந்தார்கள். சார்லஸ் தாமே குடிசைகளில் நுழைந்து, சாகிறவர்களுக்கு நன்மை கொடுத்து, அவஸ்தைப்பூசுதல் அளித்தார்.

வேலை நின்றுபோனதால் நோயில்லாதவர்களும் பட்டினியாயினர். அவர் தம் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கக் கொடுத்தார், கடன் வாங்கினார். குளிர்காலம் வந்தபோது, திருநாட்களில் தெருவை அலங்கரிக்க மாளிகையில் வைத்திருந்த வண்ணத் துணிகளையும் திரைகளையும் வெட்டி ஏழைகளுக்கு உடை தைக்கச் செய்தார். அந்தக் குளிர்காலத்தில் மிலானின் ஏழைகள் சிவப்பும் பச்சையுமான சுற்றுப்பிரகார உடுப்பில் நடந்தார்களென்றால், அதைவிட அழகான திருநாள் அலங்காரம் எது?

அக்டோபர் தொடக்கத்தில் மூன்று தபசு சுற்றுப்பிரகாரங்கள் நடத்தினார். வெறுங்காலோடு, குற்றவாளியைப் போலக் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு, நம் ஆண்டவருடைய பாடுகளின் திருஆணி பதித்த சிலுவையைச் சுமந்து நடந்தார். பாதையில் கால் காயப்பட்டு இரத்தம் வடிந்தும் நிற்கவில்லை. இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று அன்றைக்கே நகர அதிகாரிகளில் சிலர் அஞ்சினார்கள். அவர்கள் அச்சம் வீணல்ல. கொள்ளைநோய்க் கிருமியை 1894-ல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எலியும் தெள்ளுப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன என்பதும் அதன் பின்னரே தெளிவாயிற்று. சார்லஸுக்கு இது தெரியாது. மனந்திரும்புதலும் மருந்துதான் என்று அவர் நம்பினார், அதில் தவறில்லை. ஆனால் நோய்க்குத் தகுந்த எச்சரிக்கையும் ஆண்டவர் தந்த புத்தியின் பலனே என்பதையும் நாம் மறக்கலாகாது.

அவரும் அதை மறக்கவில்லை என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. அக்டோபர் இறுதியில், நகரத்தார் எல்லாரும் வீட்டுக்குள்ளே அடைந்திருக்க வேண்டுமென்ற உத்தரவு வந்தது. அவர் அதை எதிர்க்கவில்லை, உதவி செய்தார். ஆனால் மக்கள் கோவிலுக்கு வரக்கூடாதென்றால், கோவில் மக்களிடம் போக வேண்டுமல்லவா? தெருச் சந்திகளில் பீடங்கள் எழுப்பினார். ஜனங்கள் ஜன்னல்களில் நின்று திவ்விய பூசை கண்டார்கள். குருக்கள் வீட்டு வாசலில் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். நாளுக்கு ஏழு முறை கோவில் மணி அடிக்கும். உடனே தெருவின் இரு பக்கத்து வீடுகளிலிருந்தும் பிரார்த்தனைப் பாட்டும் மறுமொழியும் எழும்பும். ஆளரவமற்ற தெரு, அடைபட்ட கதவு, ஆனால் நகரம் முழுவதும் ஒரே கோவிலாக ஜெபித்தது. அந்தப் பீடங்கள் நின்ற சந்திகளில் பின்னர் சிலுவைத் தூண்கள் நாட்டப்பட்டன; சில இன்றும் நிற்கின்றன.

1578-ம் ஆண்டின் தொடக்கத்தில் நகரம் நோயினின்று விடுபட்டதென்று அறிவிக்கப்பட்டது. சுமார் 17,000 பேர் மாண்டார்கள். அதிமேற்றிராணியாரை நோய் தொடவில்லை. ஆபத்து நீங்கியதும் மக்கள் பழைய கேளிக்கைகளுக்குத் திரும்புவதைக் கண்டு, தாங்கள் பட்டதை மறவாதிருக்கும்படி 1579-ல் அவர்களுக்கு ஒரு நினைவூட்டு நூல் எழுதினார். மனித சுபாவம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ஒரு நிழல்

அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தில் நிழலைக் காட்டாமல் எழுதுவது நம்மிடையே பழக்கம். நான் அப்படிச் செய்யத் துணியவில்லை. 1583-ல் சார்லஸ் பாப்பரசரின் பிரதிநிதியாக மெசோல்சீனா என்ற ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அங்கே சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் விசாரிக்கப்பட்டு, அவர்களில் சிலர் உயிரோடு தீயில் எரிக்கப்பட்டார்கள். அக்காலத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டாண்டாரும் நாட்டு அதிகாரிகளும் ஒருங்கே இந்த மூட அச்சத்தில் ஆழ்ந்திருந்தார்கள். அது காரணமேயன்றி மன்னிப்பாகாது. நோயாளியின் குடிசையில் நுழைய அஞ்சாத மேய்ப்பர், அந்தப் பெண்களின் அழுகுரலைக் கேட்கத் தவறினார். 2000-ம் ஆண்டு மார்ச் 12-ம் தேதி பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர், சத்தியத்தின் பேரால் திருச்சபையின் மக்கள் செய்த கொடுமைகளுக்காக உரோமாபுரியில் பகிரங்கமாகச் சர்வேசுரனிடம் மன்னிப்பு வேண்டினார். அந்த மன்னிப்பில் இதுவும் அடங்கும். அர்ச்சியசிஷ்டவர் என்றால் தவறாதவர் என்று பொருளல்ல என்பதை அறிந்தே அவர்களை நாம் வணங்குகிறோம்.

விளக்கு அணைந்தது

1578-ல் தூரின் நகரத்துக்கு வந்து சேர்ந்த திருச்சீலையைத் தரிசிக்க மிலானிலிருந்து கால்நடையாகச் சென்றார். அதே ஆண்டில், மேற்றிராணியாரின் ஏவலுக்கு எப்போதும் ஆயத்தமாயிருக்கும் குருக்களின் சபை ஒன்றை அர்ச். அம்புரோசியார் பெயரால் ஸ்தாபித்தார். இப்படி ஓய்வின்றி உழைத்த உடல் தளர்ந்தது. 1584 அக்டோபரில் வரால்லோ மலையில் ஞான ஒடுக்கம் செய்யும்போது காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடே அஸ்கோனா என்ற ஊருக்குப் போய், வாலிபருக்கான ஒரு கல்லூரியைத் திறந்துவைத்தார். படகில் ஏரியைக் கடந்து, தாம் பிறந்த அரோனாவில் சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளன்று தம் கடைசிப் பூசையைச் செய்தார். மறுநாள் மிலானுக்குக் கொண்டுவரப்பட்டு, நவம்பர் 3-ம் தேதி இரவு, சாம்பலும் தபசு உடையும் மேலிருக்க, அமைதியாக ஆண்டவரிடம் சென்றார். அவருக்கு அப்போது வயது 46.

1610 நவம்பர் 1-ம் தேதி பாப்பரசர் 5-ம் சின்னப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார். அவர் உடல் மிலான் பேராலயத்தின் பீடத்துக்குக் கீழுள்ள அறையில் அடக்கமாயிருக்கிறது. அரோனாவில் 1698-ல் முடிக்கப்பட்ட அவருடைய செம்புச் சுரூபம், பீடத்தோடு சேர்த்து 35 மீட்டர் உயரம். தாழ்ச்சி என்ற ஒரே சொல்லைத் தம் குடும்ப விருதிலிருந்து எடுத்து வாழ்ந்தவருக்கு இத்தனை உயரமான சுரூபம் வேண்டுமா என்று சிரிக்கத் தோன்றும்! அவருடைய மெய்யான ஞாபகச் சின்னம் வேறு. பெர்கமோ நாட்டு ஏழை விவசாயி மகனான ஆஞ்செலோ ரொங்கால்லி என்ற குரு, 1575-ல் சார்லஸ் பெர்கமோவைச் சுற்றிப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளைப் பல ஆண்டு உழைத்து 5 பாகங்களாக வெளியிட்டார். அவரே 23-ம் அருளப்பர் என்ற பாப்பரசராகி, 1958 நவம்பர் 4-ம் தேதி, இந்த அர்ச்சியசிஷ்டவரின் திருநாளையே தம் முடிசூட்டு நாளாகக் கொண்டார். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டினார்.

2020-ம் ஆண்டில் புதிய தொற்றுநோய் பரவினபோது, மிலானும் பெர்கமோவும் உள்ளிட்ட அதே லொம்பார்தியா நாடுதான் இத்தாலியாவில் மிகக் கொடிய அடி வாங்கியது. மறுபடியும் கோவில்கள் அடைக்கப்பட்டன. மக்கள் ஜன்னல்களில் நின்றார்கள். பெர்கமோ மேற்றிராசனத்தில் மாத்திரம் 20-க்கு மேற்பட்ட குருக்கள் அந்த நாட்களில் இறந்தார்கள். நாமும் நம் வீடுகளில் அடைபட்டு, பூசையின்றிப் பாஸ்குத் திருநாளைக் கழித்ததை மறந்திருக்க மாட்டோம்.

பிரியமான பங்கு மக்களே, இந்தச் சரித்திரத்தைப் படித்து முடிக்கும்போது, இது மேற்றிராணியார்களுக்கும் குருக்களுக்கும் உரிய பாடம், நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். முதற்கண் அது எனக்குரிய பாடமே, அதை மறுக்கவில்லை. ஆனால் மேய்க்கும் வேலை உங்களுக்கும் உண்டு. வீட்டில் தகப்பன் ஒரு மேய்ப்பன். தாய் ஒரு மேய்ப்பாள். படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் ஒரு மேய்ப்பாள். வருமானம் மாத்திரம் அனுப்பிவிட்டு, வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு நாழிகை உட்காராத தகப்பன், பத்து வயதில் மேற்றிராசனம் பெற்று ஊருக்கே வராத அந்தப் பிரபுவுக்குச் சமானமல்லவா? நோயாளி இருக்கும் அண்டை வீட்டைச் சுற்றிப் போகிறவன், வண்டி கட்டிக்கொண்டு வெளியேறின பிரபுக்களோடு சேர்ந்தவனல்லவா?

இந்தப் பங்கில் ஞாயிறு ஞானோபதேசத்துக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; கற்பிக்க ஆள் போதவில்லை. வீட்டிலேயே கிடக்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களை எட்டிப் பார்க்கக் கால்கள் போதவில்லை. வருகிற 4-ம் தேதி காலைப் பூசைக்கு வாருங்கள். வந்து, மிலான் தெருக்களில் வெறுங்காலோடு நடந்த அந்த மேய்ப்பரின் மன்றாட்டை வேண்டிக்கொள்ளுங்கள். பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், நெடுநாளாக நீங்கள் தட்டாத ஒரு கதவைத் தட்டுங்கள். திருநாளைக் கொண்டாட அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

அர்ச். சார்லஸ் பொரோமெயுவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.